நாலு மணி நேரம் ஒரு மேடைக்காரரோடு: ஸ்டீவ் மார்ட்டினின் ‘பார்ன் ஸ்டாண்டிங் அப்’ ஒலிநூல்

நான் பதினோரு வருடம் ஆர்கெஸ்ட்ராவில் பலகுரல் செய்தவன். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, கடை திறப்பு விழா என்று எங்கெல்லாம் மேடை போட்டார்களோ அங்கெல்லாம் ரெண்டு பாட்டுக்கு நடுவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பாடகர் தண்ணீர் குடிக்க வேண்டும், கீபோர்டுக்காரர் அடுத்த பாட்டுக்கு டோன் மாற்ற வேண்டும். அந்த ஆறு நிமிடம் கூட்டம் கலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது என் பொறுப்பு. அந்த வேலையை விட்டு ஒன்பது வருடம் ஆகிறது. சிரிக்க வைக்கிற தொழிலைப் பற்றி அதற்கப்புறம் எத்தனையோ பேட்டிகள் கேட்டுவிட்டேன். ஜெயித்தவர்கள் பழைய கஷ்டத்தைச் சுவையாகச் சொல்வார்கள். கேட்டு முடித்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. மேடையில் நின்றவனுக்கு மட்டுமே தெரிந்த விஷயங்களை, மேடையில் நின்ற ஒருவரே மறைக்காமல் சொல்லி நான் கேட்டது ஸ்டீவ் மார்ட்டினின் ‘பார்ன் ஸ்டாண்டிங் அப்’ ஒலிநூலில்தான்.

2007இல் வந்த புத்தகம் இது. ஸ்க்ரிப்னர் வெளியீடு. அச்சில் இருநூறு பக்கத்தைக் கொஞ்சம் தாண்டும். ஒலிநூலை மார்ட்டினே வாசித்திருக்கிறார், சுமார் 4 மணி நேரம் ஓடுகிறது. இப்போது ஒரு மருந்துக் கிடங்கில் வேலை பார்க்கிறேன். பேருந்தில் போக ஐம்பது நிமிடம், வர ஐம்பது நிமிடம். மூன்றே நாளில் முடித்துவிட்டேன். நாலாம் நாள் காலையில் ஜன்னலோர சீட் கிடைத்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

மார்ட்டினை நம்மில் பலருக்கும் சினிமாவில் வரும் நரைத்த தலை நடிகராகத்தான் தெரியும். முழுநேரமாகச் சினிமாவுக்கு வருவதற்கு முன்னால் அவர் 18 வருடம் தனியாக மேடையில் நின்று சிரிக்க வைத்தவர். அதைப் புத்தகத்தின் தொடக்கத்திலேயே பிரித்துச் சொல்லிவிடுகிறார்: கற்றுக்கொள்ள 10 வருடம், செப்பனிட 4 வருடம், கொண்டாட்டமான வெற்றி 4 வருடம். எனக்கு உடனே பிடித்துப்போனது இந்தக் கணக்குதான். வெளியுலகம் பார்த்தது கடைசி நாலு வருடத்தை. புத்தகமோ முந்தைய பதினாலு வருடத்துக்குத்தான் அதிக இடம் கொடுக்கிறது. இதைச் சுயசரிதை என்று அவர் எண்ணவில்லை. ஒரு காலத்தில் தனக்குத் தெரிந்திருந்த ஒருவனின் வாழ்க்கை வரலாறு என்கிறார். குரலிலும் அந்தத் தள்ளி நிற்கும் தன்மை இருக்கிறது. நிதானமாக வாசிக்கிறார். சிரிக்க வைக்க வேண்டும் என்ற அவசரமே இல்லை.

கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் 1955இல் திறக்கிறார்கள். பத்து வயதுப் பையன் சைக்கிளில் போய் அங்கே வேலை கேட்கிறான். கிடைத்தது வழிகாட்டிப் புத்தகம் விற்கிற வேலை. ஒன்று 25 சென்ட், அதில் அவனுக்கு 2 சென்ட். புத்தகத்தை விற்று முடித்துவிட்டால் மீதி நாளெல்லாம் பூங்காவுக்குள் சுற்றலாம். அங்கே கோல்டன் ஹார்ஸ்ஷூ என்ற அரங்கில் வாலி போக் என்ற நகைச்சுவைக் கலைஞர் தினமும் நிகழ்ச்சி செய்வார். பலூனை முறுக்கி விலங்கு செய்வார், ஜோக் அடிப்பார். பையன் அதை வசனம் மனப்பாடமாகும் அளவுக்குத் திரும்பத் திரும்பப் பார்க்கிறான். எந்த இடத்தில் நிறுத்துகிறார், எப்போது கூட்டத்தைப் பார்க்கிறார் என்பதெல்லாம் அப்படித்தான் உள்ளே இறங்கும். எனக்கும் அப்படி ஒருவர் இருந்தார். எங்கள் குழுவின் மூத்த பலகுரல் கலைஞர். நான் சேர்ந்த முதல் வருடம் ஸ்டாண்டு தூக்கினேன், வயர் சுருட்டினேன், மீதி நேரமெல்லாம் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் நின்று அவர் மூச்சு வாங்குகிற இடத்தைக் கவனித்தேன். குரலை யாரிடமும் கற்கலாம். மூச்சை ஒரு ஆளைப் பல நாள் பார்த்தால்தான் கற்க முடியும்.

பதினைந்து வயதில் அதே டிஸ்னிலேண்டில் மேஜிக் சாமான் விற்கும் கடைக்கு மாறுகிறார். கவுண்ட்டருக்குப் பின்னால் நின்று நாள் முழுக்க வித்தை காட்ட வேண்டும். வித்தை பிடித்தால் வாங்குவார்கள், பிடிக்காவிட்டால் நகர்ந்துவிடுவார்கள். சின்னச் சின்ன விழாக்களில் மேஜிக் செய்யத் தொடங்கியதும், ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்த பிறகும் எது எடுபட்டது, எதை அடுத்த முறை விட்டுவிட வேண்டும் என்று எழுதி வைத்துக்கொள்கிறார். பள்ளிக்கூடம் போகிற வயதில்! வித்தை சொதப்பும்போதுதான் ஜனங்கள் இன்னும் சந்தோஷப்படுகிறார்கள் என்பதையும் அப்போதே கண்டுகொள்கிறார். அவருடைய பிற்கால நகைச்சுவைக்கு விதை அதுதான் என்பது கேட்கக் கேட்கப் புரிகிறது.

அப்புறம் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் என்ற இன்னொரு பூங்காவில் பேர்ட் கேஜ் என்ற சின்ன அரங்கு. நல்லவன், கெட்டவன், அபலைப் பெண் என்று பழைய பாணி நாடகம் போடுவார்கள். வில்லன் வந்தால் கூட்டம் கூச்சல் போட வேண்டும். நாடகம் முடிந்ததும் நடிகர்கள் ஆளுக்குக் கொஞ்ச நேரம் தனி ஐட்டம் செய்யலாம். ஒரு நாளைக்குப் பல காட்சி. அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் மேஜிக்கும் பேஞ்சோ வாத்தியமும் ஜோக்கும் கலந்த அவருடைய தனிப்பாணி உருவாகிறது. கூட நடித்த பெண் ஒருத்தி கொடுத்த நாவல் அவரைத் தத்துவம் படிக்கத் தூண்டுகிறது. லாங் பீச்சில் கல்லூரியில் தத்துவ மாணவராகச் சேர்கிறார்.

புத்தகத்தின் மையம் இதற்கடுத்த பகுதி. கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

உளவியல் பாடத்தில் சிரிப்பைப் பற்றி ஒரு விளக்கம் படிக்கிறார். சொல்பவர் ஒரு இறுக்கத்தை ஏற்றுகிறார், கடைசி வரியில் அதை அவிழ்த்துவிடுகிறார், அந்த விடுதலைதான் சிரிப்பு. இவருக்கு அது போதவில்லை. மேடையில் நின்றவர் என்பதால் வேறு ஒன்றைக் கவனித்திருக்கிறார். பன்ச் வரும் இடத்தை, சொல்பவர் குரலாலோ உடம்பாலோ கூட்டத்துக்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறார். ‘இதோ, இங்கே சிரிக்கணும்’ என்று கொடி அசைத்த மாதிரி. கூட்டமும் மரியாதைக்குச் சிரித்துவைக்கிறது. அந்தச் சிரிப்பு பழக்கத்தால் வருவது. நண்பர்களோடு உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரிப்போமே, அதில் அப்படி ஒரு கொடி கிடையாது. எதற்குச் சிரித்தோம் என்று மறுநாள் கேட்டால் சொல்லவும் தெரியாது. அந்தச் சிரிப்பை மேடையில் கொண்டுவர முடியுமா என்று யோசிக்கிறார். பன்ச்சே இல்லாவிட்டால்? இறுக்கத்தை ஏற்றிக்கொண்டே போய் அவிழ்க்காமல் விட்டால்? அது எப்படியாவது, எங்கேயாவது வெளியே வந்துதானே ஆக வேண்டும்? அப்போது எங்கே சிரிப்பது என்பதைக் கூட்டமே முடிவு செய்யும்.

பேருந்தில் இந்த இடத்தைக் கேட்டபோது நிறுத்தம் வந்ததுகூடத் தெரியவில்லை. பலகுரல் செய்கிறவனுக்கு இது எவ்வளவு உண்மை என்று தெரியும். ஒரு நடிகரின் குரலில் அவருடைய பிரபலமான ஒரு வரியைச் சொன்னால் போதும், வரி முடியும் முன்பே கைதட்டுவார்கள். முதல் ரெண்டு வருடம் அதை என் திறமைக்குக் கிடைத்த கைதட்டல் என்று நினைத்தேன். அப்புறம் ஒரு நாள், வழக்கமான வரியைச் சொல்லாமல், அதே குரலில் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் கேட்கிற மாதிரி பேசிப் பார்த்தேன். கைதட்டல் இல்லை. ஆனால் முன்வரிசையில் ஒரு பாட்டி, என்னமோ தன் பக்கத்துவீட்டுக்காரர் பேசுவதைக் கேட்கிற மாதிரி, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அந்தச் சிரிப்பு வேறு. அது என்னவென்று எனக்குச் சொல்லத் தெரிந்ததில்லை. மார்ட்டின் அதற்கு ஒரு விளக்கம் கொடுத்துவிட்டார். மேடையில் இருந்தபோதே இது கையில் கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

அவர் சொல்கிற ஒரு உதாரணம்: பிரமாதமான ஒன்றைச் செய்துகாட்டப் போவதாக அறிவிக்கிறார். மைக்குக்கு அருகில் வருகிறார். மூக்கை மைக்கின் மேல் வைக்கிறார். கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறார். விலகுகிறார். நன்றி சொல்லிக் குனிந்து வணங்கிவிட்டு, முடிந்துபோன விஷயம்போல அடுத்த ஐட்டத்துக்குப் போகிறார். சிரிப்பு அப்போது வரவில்லை. அவர் அடுத்ததைத் தொடங்கிவிட்டார், இதில் இதற்கு மேல் ஒன்றுமில்லை என்று கூட்டத்துக்கு உறைக்கும்போதுதான் வருகிறது. எழுத்தில் படித்தால் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். இதைச் செய்து பார்க்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். சிரிப்பே வராத அந்த நாலைந்து நொடியில் மேடையில் நிற்பவனுக்குக் காது அடைத்துவிடும். கை தானாக அடுத்த ஜோக்கைத் தேடும். அந்த நொடிகளை நம்பி ஒருவர் முழு நிகழ்ச்சியையும் கட்டியிருக்கிறார். அதுவும் உடனே பலன் தரவில்லை. வருடக்கணக்கில் பாதிக் கூட்டம் அவரைப் புரிந்துகொள்ளாமலே எழுந்து போயிருக்கிறது.

அந்த வருடங்களைத்தான் அவர் மிக நன்றாகச் சொல்கிறார். சான் ஃபிரான்சிஸ்கோவில் ‘காஃபி அண்ட் கன்ஃப்யூஷன்’ என்று ஒரு இடம். ஆளே இல்லாவிட்டாலும் மேடையேறித் தொடங்கிவிட வேண்டும் என்பது அங்கே நிபந்தனை. தெருவில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்து, ஏதோ நடக்கிறதே என்று உள்ளே வர வேண்டும் அல்லவா? காலி நாற்காலிகளைப் பார்த்து ஜோக் சொல்லியிருக்கிறார். இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, பரிதாபமாகவும் சொல்லவில்லை. ஒரு வேலை நிபந்தனை, அவ்வளவுதான். அந்தத் தொனி எனக்கு ரொம்பப் பிடித்தது.

இன்னொன்று சொல்கிறார். ஏதோ ஒரு ராத்திரி அபாரமாக அமைந்துவிடுவது எளிது, எல்லாக் கலைஞனுக்கும் அப்படி ஒரு நாள் தற்செயலாக வாய்க்கும். எந்தச் சூழ்நிலையிலும் ஒவ்வொரு ராத்திரியும் ஒரு தரத்துக்குக் கீழே போகாமல் இருப்பதுதான் கடினம். இதைக் கேட்டதும் எனக்கு ஒரு பங்குனித் திருவிழா ஞாபகம் வந்தது. கச்சேரி நடுவில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் கிளம்பவில்லை. மைக் இல்லை, விளக்கு இல்லை. முதலாளி என் முதுகில் கைவைத்து மேடையின் விளிம்புக்குத் தள்ளினார். பெண்கள் ஒரு பக்கம், குழந்தைகள் மண்ணில், ஆண்கள் தூரத்தில் டீக்கடை ஓரம். யாரோ ஒருவர் பைக்கைத் திருப்பி ஹெட்லைட்டை மேடை மேல் அடித்தார். வெறும் தொண்டையில் இருபது நிமிடம். அன்றைக்கு நான் செய்தது பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் யாரும் எழுந்து போகவில்லை. அது எப்படி முடிந்தது? அதற்கு முந்தைய முந்நூறு ராத்திரிகளில் மோசமான மைக், குடித்துவிட்டுக் கத்துகிறவர்கள், தூறல் என்று எல்லாவற்றுக்கும் நடுவே செய்து செய்து பழகியதால் முடிந்தது. மார்ட்டின் சொல்வது அதைத்தான். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

நடுவில் தொலைக்காட்சிக்கும் எழுதுகிறார். ஸ்மதர்ஸ் சகோதரர்களின் நிகழ்ச்சிக்கு எழுதிய குழுவில் ஒருவராக 1969இல் எம்மி விருது வாங்கும்போது அவருக்கு வயது 23. நல்ல சம்பளம். அப்படிப்பட்ட வேலையைப் பிற்பாடு விட்டுவிட்டுக் கல்லூரிகளையும் சின்ன கிளப்புகளையும் தேடி ஊர் ஊராகப் போகிறார். தன் நிகழ்ச்சிகளை கேசட்டில் பதிவு செய்து வைக்கிறார், மேடையில் திடீரென்று ஏதாவது நல்லதாக வாயில் வந்துவிட்டால் மறந்துபோகக் கூடாது என்பதற்காக. எழுபதுகளின் தொடக்கத்தில் நீண்ட முடியையும் தாடியையும் எடுத்துவிட்டு, சூட் போட்டுக்கொண்டு மேடையேறுகிறார். அரசியல் ஜோக்குகளையும் விட்டுவிடுகிறார். எல்லாரும் தாடி வைத்திருந்த நேரத்தில் அவர் கணக்கு வேறாக இருந்திருக்கிறது: முடியப்போகிற ஒரு அலையின் வாலில் நிற்பதைவிட, வரப்போகிற அலையின் தலையில் நிற்கலாம். இதில் கணக்கு பார்த்தேன் என்பதை அவர் மறைக்கவில்லை. கலைஞன் எல்லாம் உள்ளுணர்வால் செய்வான் என்று நம்புகிறவர்கள் இந்த அத்தியாயத்தைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

டென்னசியில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார், சாமான்களைப் பெட்டியில் எடுத்து வைக்கிறார். மாணவர்கள் போகவில்லை. அவர் மேடையை விட்டு இறங்கி வெளியே நடக்கிறார், கூட்டமும் கூடவே வருகிறது. வழியில் தண்ணீர் வடிக்கப்பட்ட நீச்சல்குளம். எல்லாரும் உள்ளே இறங்குங்கள் என்கிறார். இறங்குகிறார்கள். அவர்கள் உயர்த்திப் பிடித்த கைகளின் மேல் படுத்து, நீந்துகிற மாதிரி ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போகிறார். இந்த இடத்தில் குரலில் லேசான ஒரு வெளிச்சம் வருகிறது. கூட்டத்தை இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போக முடியும் என்று அவருக்கே தெரியவந்த ராத்திரி அது.

ஜானி கார்சன் அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய தொகுப்பாளர். அவர் நிகழ்ச்சியில் இடம் பிடிப்பதுதான் அன்றைய நகைச்சுவைக் கலைஞர்களுக்குக் கனவு. ஒரு முறை விளம்பர இடைவேளையில் கார்சன் இவர் பக்கம் சாய்ந்து, உனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் என்றைக்காவது உபயோகிப்பாய் என்கிறாராம். சிறு வயதில் கற்ற கயிறு வித்தைகூடப் பின்னாளில் ஒரு படத்துக்கு உதவியதாகச் சொல்லி மார்ட்டின் அதை உறுதிப்படுத்துகிறார்.

வெற்றி வந்த கதையை அவர் வேகமாகக் கடக்கிறார். 1976 அக்டோபரில் அமெரிக்கத் தொலைக்காட்சியின் நகைச்சுவை நிகழ்ச்சியான ‘சாட்டர்டே நைட் லைவ்’ தொகுத்து வழங்குகிறார். அடுத்தடுத்து வந்த ரெண்டு நகைச்சுவை இசைத்தட்டுகளுக்கும் கிராமி. உள்விளையாட்டரங்குகளில் பல்லாயிரம் பேர். அந்தப் புகழ்பெற்ற வெள்ளை சூட்டுக்குக் காரணம், கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் ஆள் தெரிய வேண்டும் என்பதுதான் என்று சொல்கிறார். அந்த இடத்தில் நான் ஒலியை நிறுத்திவிட்டேன். என் அப்பா டெய்லர். என் முதல் கச்சேரிக்கு நான் கறுப்பு கோட்டு கேட்டேன். அவர் தலைநிமிராமல், “ராத்திரி லைட்ல கறுப்பு எடுக்காதுடா, பின்னாடி நிக்கிறவனுக்கு வெறும் மூஞ்சிதான் தெரியும்” என்று சொல்லிவிட்டு, மினுங்குகிற நீலத் துணியில் தைத்தார். அவர் என் கச்சேரி ஒன்றுக்குக்கூட வந்ததில்லை. கடைசி வரிசையில் நிற்பவனுக்கு என்ன தெரியும் என்று மட்டும் யோசித்திருக்கிறார்.

மார்ட்டினின் அப்பா கதையும் இந்தப் புத்தகத்தின் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது. அப்பா க்ளென் நடிகராக ஆசைப்பட்டவர். வீடு நிலம் விற்கும் தொழிலுக்குப் போனார். சிறு வயதில் ஒன்றுமில்லாத விஷயத்துக்கு மகனைப் பெல்ட்டால் அடித்த அடி ஒன்று, அதற்குப் பிறகு ரெண்டு பேருக்கும் நடுவே பல வருட மௌனம். மகன் சாட்டர்டே நைட் லைவில் முதன்முறை தோன்றியதும், அப்பா தான் தலைவராக இருந்த வீட்டுமனை முகவர் சங்கத்தின் செய்தி இதழில் அதை மோசமாக விமர்சித்து எழுதுகிறார். 1979இல் மகனின் முதல் பெரிய படத்தின் சிறப்புக் காட்சி முடிந்து நண்பர்கள் கருத்துக் கேட்க, அவன் ஒன்றும் சார்லி சாப்ளின் இல்லை என்கிறார். இதையெல்லாம் மார்ட்டின் புகார் தொனியில் வாசிக்கவில்லை. சம்பவத்தைச் சொல்கிறார், நகர்ந்துவிடுகிறார். 1997இல் இறப்பதற்கு முன், படுக்கையில் கிடக்கும் அப்பா, தான் செய்ய ஆசைப்பட்டதையெல்லாம் மகன் செய்துவிட்டதாகச் சொல்கிறார். உங்களுக்காகத்தான் செய்தேன் என்கிறார் மகன். அந்தப் பதிலுக்குப் பின்னால் இன்னும் என்னென்ன இருந்தது என்பதையும் கேட்பவர்களிடம் மறைக்காமல் சொல்கிறார். அழுகையை வரவழைக்கும் முயற்சி துளியும் இல்லாத வாசிப்பு. அதனாலேயே என்னால் தாங்க முடியவில்லை. பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வெற்றியின் உச்சத்தில் அவர் ஏன் விட்டார் என்பதற்குச் சொல்லும் காரணமும் தொழில்காரர் சொல்லும் காரணம்தான். பல்லாயிரம் பேர் இருக்கும் இடத்தில் என்ன செய்தாலும் ஆரவாரம். புதிதாக ஒன்றைச் சோதித்துப் பார்க்க வழியில்லை. நுணுக்கமான டைமிங் எதுவும் அந்த இரைச்சலில் பிழைக்காது. தனிமை, ஓட்டல் அறை, களைப்பு. 1981இல் ஒரு நாள் அட்லாண்டிக் சிட்டியில் நிகழ்ச்சியை முடித்துவிட்டு, மேஜிக் சாமான்களைப் பெட்டியில் வைத்து மூடுகிறார். என்றைக்காவது ஆசையாகத் திறந்து பார்க்கலாம் என்று நினைத்தாராம். திறக்கவே இல்லையாம். பிற்காலத்தில் மார்ட்டின் ஷார்ட் என்ற நகைச்சுவை நடிகரோடு சேர்ந்து மேடைக்குத் திரும்பியது வேறு கதை. இந்தப் புத்தகம் அதற்குப் பல வருடம் முந்தியது.

குறைகளும் இருக்கின்றன. அந்தக் கடைசி நாலு வருடத்தைப் பற்றி இன்னும் சொல்லியிருக்கலாம். அரங்கு பெரிதாகப் பெரிதாக எந்தெந்த ஐட்டம் செத்தது, எது மட்டும் பிழைத்தது என்று ஒரு மேடைக்காரனாக எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. அதை விட்டுவிட்டார். அவர் வாழ்க்கையில் வந்த பெண்கள் ஒரு சில வரிகளில் வந்து போய்விடுகிறார்கள். அறுபதுகளின் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பெயர்கள் நிறைய வருகின்றன. நமக்கு அவர்கள் யாரென்று தெரியாது, அவரும் நின்று விளக்குவதில்லை. எனக்கு ரெண்டாம் முறை கேட்டபோதுதான் யார் யார் என்று பிடிபட்டது.

ஒலிநூல் என்பதால் இன்னொரு இழப்பு உண்டு. அச்சுப் புத்தகத்தில் புகைப்படங்கள் இருக்கின்றன, ஒலியில் அவை கிடையாது. தலையில் அம்பு குத்திய மாதிரி ஒரு வளையம் மாட்டிக்கொண்டு நிற்பது அவருடைய பிரபலமான கோலம். அது எப்படியிருக்கும் என்று பார்க்காமல், உடம்பால் சிரிக்க வைத்த ஒருவரைப் பற்றி நாலு மணி நேரம் கேட்கிறோம். அவருடைய பழைய நிகழ்ச்சிப் பதிவு ஒன்றிரண்டை முதலில் பார்த்துவிட்டுக் கேட்டால் பலன் அதிகம். நான் அப்படிச் செய்யவில்லை. முதல் முறை கேட்டு முடித்த பிறகுதான் பார்த்தேன். மூக்கை மைக்கில் வைப்பது என் கற்பனையைவிட நீளமாக இருந்திருக்குமோ, குறைவாக இருந்திருக்குமோ என்று யோசித்துக்கொண்டே இருந்தது ஒருவிதத்தில் நன்றாகவும் இருந்தது.

மொழியைப் பற்றிப் பயப்பட வேண்டாம். எளிய ஆங்கிலம், சின்ன வாக்கியங்கள், தெளிவான உச்சரிப்பு. ஆங்கிலப் படங்களைச் சப்டைட்டில் இல்லாமல் பாதியாவது புரிந்துகொள்கிறவர்களுக்கு இது முழுதாகவே புரியும். வேகத்தைக் கூட்டிக் கேட்காதீர்கள். அவர் நிறுத்துகிற இடங்கள் முக்கியம், அவை சுருங்கிவிட்டால் பாதி போய்விடும்.

ஜோக்குகளை எதிர்பார்த்து வாங்குகிறவர்களுக்கு இது ஏமாற்றம் தரும். சிரிக்கச் சில இடங்கள் உண்டு. அவருடைய அம்மா சொல்வது அதில் ஒன்று: சிநேகிதிகள் சினிமாவுக்குப் போனார்களாம், வேறு எந்தப் படத்துக்கும் டிக்கெட் கிடைக்காததால் மகனுடைய படத்துக்குப் போனார்களாம், ரொம்பப் பிடித்துவிட்டதாம். மகனைச் சந்தோஷப்படுத்தத்தான் சொல்கிறார் அந்த அம்மா. ஆனால் முழுதும் கேட்டு முடிக்கும்போது தங்குவது சிரிப்பு இல்லை, ஒருவர் எவ்வளவு பொறுமையாகத் தன் வேலையைக் கற்றுக்கொண்டார் என்பதுதான். மேடையில் நிற்பவர்கள், பட்டிமன்றத்தில் பேசுகிறவர்கள், வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள் என்று கூட்டத்தின் முன்னால் நின்று பிழைக்கிற எல்லாருக்கும் பரிந்துரைப்பேன்.

எங்கள் பழைய குழுவில் இப்போது பலகுரல் செய்கிற தம்பிக்கு இதைப் பற்றிச் சொன்னேன். வாங்கிக் கேட்டான். போன வாரம் ராத்திரி பதினொன்றரைக்குக் கச்சேரி முடிந்த கையோடு கூப்பிட்டான். “அண்ணே, இன்னிக்கி பன்ச் சொல்லாம சும்மா நின்னு பார்த்தேண்ணே. ஒருத்தரும் சிரிக்கல. நான் அடுத்ததுக்குப் போயிட்டேன், அப்புறம் பின்னாடி எங்கியோ ஒரு ஆள் மட்டும் சிரிச்சாருண்ணே” என்றான். எந்தக் குரலில் செய்தாய், எவ்வளவு நேரம் நின்றாய் என்று கேட்டேன். முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அச்சுப் புத்தகத்தையும் வாங்கியிருக்கிறேன். படங்களைப் பார்த்துவிட்டு அவனுக்குக் கொடுக்க வேண்டும்.